கோழிக்குக் காவல் இருந்த நாய், பென்குயினுக்கும் காவல் இருந்த கதை

கோழியைக் கூண்டில் அடைக்காமல் மேய விடுறவங்களுக்கு உலகம் பூரா ஒரே கவலைதான். பகல்ல பருந்து, ராத்திரியில நரி. ஆஸ்திரேலியாவில் இந்தக் கவலைக்குப் பின்னாடி ஒரு பெரிய சரித்திரமே இருக்கு. கொஞ்ச நாளா அதைத் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களோடு பகிர்ந்துக்கத்தான் இந்தப் பதிவு.

முதல் விஷயம், ஆஸ்திரேலியா நரியோட சொந்த ஊரே கிடையாது. அங்கே திரிவது ஐரோப்பாவின் செந்நரி. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறிய துரைமார்களுக்கு, குதிரையேறி நாய்க்கூட்டத்தை ஏவி நரி வேட்டையாடாவிட்டால் பொழுது போகவில்லை. அதற்காகவே 1850களில் கப்பலில் நரிகளை வரவழைத்தார்கள். 1870களின் தொடக்கத்தில் விக்டோரியாவில் அவை காட்டில் தாமாகவே பெருக ஆரம்பித்துவிட்டன. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் இதே வேட்டை ஆசையில் திறந்துவிட்ட முயல்கள் வேறு நாடு முழுக்கப் பரவின. நரிக்குப் போகிற வழியெல்லாம் சாப்பாடு ரெடி! சுமார் நூறு வருஷத்தில், வெப்பமான வடக்குப் பகுதி தவிர பெருநிலம் பூராவும் நரி.

வேட்டையாடின துரைமார் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதற்கான விலையைக் கொடுத்தது கோழி வளர்த்தவன்.

நரி புகுந்த கோழிக்கூட்டைப் பார்த்தவங்களுக்கு வயிறு எரியும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை. இருக்கிற எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுட்டுப் போகும். வெறும் கொலைவெறின்னு நினைப்போம். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972ல் இதை ஆராய்ந்து எழுதினார். சாதாரணமாக ஒரு பறவை சிக்கினால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடிந்தது. கும்மிருட்டில் கடற்பறவைகள் எழுந்து பறக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த மாதிரி ராத்திரிகளில் நரி வரிசையாகக் கொன்று போட்டிருக்கிறது. அடைத்த கோழிகளின் கதியும் அதுதான். ஓட வழியில்லை.

துப்பாக்கி, பொறி, '1080' என்ற விஷம், நரியைக் கொன்றால் சன்மானம் என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒன்று செத்தால் காலியான இடத்துக்குப் பக்கத்து நரி வந்துவிடும்.

இத்தாலிய இடையர்களிடம் வேறு ஒரு வழி இருந்தது. ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்க மரெம்மா என்ற பெரிய வெள்ளை நாய். ஆட்டுக்காவல் நாய் வெள்ளையாக இருக்கணும், அப்பத்தான் மங்கலான வெளிச்சத்தில் ஓநாய் என்று நினைத்து நாயை அடிக்க மாட்டோம் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் கொலுமெல்லா எழுதி வைத்திருக்கிறார். இந்த நாய்க்கு விரட்டிப் பிடித்துக் கொல்வது வேலையில்லை. குட்டியிலிருந்து ஆட்டோடோ கோழியோடோ வளர்ந்து, அதுதான் தன் குடும்பம் என்று நினைத்துக்கொள்ளும். அங்கங்கே மூத்திரம் பெய்து எல்லை போடும், ராத்திரி பூரா குரைக்கும். நரி 'நமக்கெதுக்கு வம்பு' என்று வேறு பக்கம் போய்விடும்.

விக்டோரியாவில் வார்ணம்பூல் பக்கம் ஆலன் மார்ஷ் என்பவர் தன்னுடைய மேய்ச்சல் கோழிகளுக்கு இந்த நாயைத்தான் காவல் வைத்திருந்தார். அந்த ஊர்க் கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்று ஒரு குட்டித் தீவு. ஒரு கிலோ எடை இருக்கிற சின்னப் பென்குயின்கள் வாழும் இடம். கடல் வற்றும்போது நடுவில் உள்ள ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டி நரி போய்விடும். பல நூறாக இருந்த பென்குயின்கள் 2005ல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன.

கோழியைக் காப்பாற்றுகிற நாய் பென்குயினைக் காப்பாற்றாதா என்று மார்ஷ் தரப்பு கேட்டது. 2006ல் அவருடைய 'ஆட்பால்' என்ற நாயைத் தீவில் விட்டார்கள். தனிமை பிடிக்காமல் சில வாரத்தில் அது கரைக்கு வந்துவிட்டது என்பது வேறு விஷயம் :-) ஆனால் யோசனை பலித்தது. பின்னால் வந்த இரண்டு நாய்களுக்கு, அந்தப் பென்குயினின் அறிவியல் பெயரான யூடிப்டுலாவை உடைத்து யூடி, டூலா என்று பேர் வைத்தார்கள். பென்குயின்கள் மறுபடி நூற்றுக்கு மேல் பெருகின. 2015ல் படமே எடுத்துட்டாங்க.

இத்தோடு முடித்தால் சுபம். ஆனால் 2017ல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த இடைவெளியில் நரி புகுந்தது. செத்த பென்குயின்கள் சுமார் 140.

பத்து வருஷத்துக்கு மேலாகக் காவல் இருந்தும், நரி எங்கேயும் போய்விடவில்லை. அக்கரையில் காத்துக்கொண்டுதான் இருந்தது. இதைப் படிச்சதிலிருந்து, எத்தனை களைப்பா இருந்தாலும் சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கூட்டைச் சாத்துற கிராமத்துப் பாட்டிகள் மேல எனக்கு மரியாதை கூடிப்போச்சு. ஒரு நாள்கூட லீவு இல்லாத உத்தியோகம் அது.

உங்க ஊர்ல கோழிக்கு எதிரி யாரு, காவல் யாரு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்.