வலிமையா, ஊன்றுகோலா? ஒரு சிலுவையின் பெயர்க் கதை



ஐரோப்பிய அரச குலங்களின் கேடயச் சின்னங்களில் சிலுவை பல வடிவங்களில் வரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப்பெயர் உண்டு. அதில் ஒன்று ‘கிராஸ் பொட்டென்ட்’. நான்கு கைகளின் நுனியிலும் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். நான்கு ஆங்கில ‘டி’ எழுத்துகளின் அடிகளை ஓரிடத்தில் ஒட்டி வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

‘பொட்டென்ட்’ என்றால் வலிமை மிக்கது என்று ஆங்கில வகுப்பில் படித்திருப்பீர்கள். இங்கே பொருள் வேறு: ஊன்றுகோல்! கால் முடியாதவர்கள் கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்கிறார்களே, அந்தக் கட்டை. அதன் தலைப்பகுதி ‘டி’ வடிவம்தானே? அதனால் வந்த பெயர்.

இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்றே. லத்தீனில் ‘பொடென்டியா’ என்றால் வலிமை. இடைக்காலத்தில் அதே சொல் ஊன்றுகோலையும் குறித்தது. உடம்பில் வலு இல்லாதவருக்கு வலுவாக நிற்பது அதுதானே! பழைய பிரெஞ்சில் அது ‘பொட்டான்ஸ்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் கைத்தடியை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். இன்றைய பிரெஞ்சில் ‘பொட்டான்ஸ்’ என்றால் தூக்குமரம். வலிமை, ஊன்றுகோல், தூக்குமரம்: ஒரு சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

இந்தச் சிலுவைக்குப் புகழ் தந்தது, சிலுவைப் போர் வீரர்கள் 1099இல் நிறுவிய ஜெருசலேம் அரசு. நடுவில் இந்தப் பெரிய சிலுவை, சுற்றிலும் நான்கு சிறு சிலுவைகள். வெள்ளிப் பின்னணியில் பொன் நிறம். உலோக நிறத்தின்மேல் உலோக நிறம் கூடாது என்பது சின்னக் கலையின் விதி. அதை மீறிய சின்னம் என்றே இது பேசப்படுகிறது. 1291இல் ஆக்கர் நகரம் வீழ்ந்ததோடு அந்த அரசு முடிந்தது. சின்னம் மட்டும் நிலைத்தது.

ஜெர்மன் மொழியிலும் இதன் பெயர் ஊன்றுகோல் சிலுவைதான்: ‘குருக்கன்குராய்ட்ஸ்’. 1933இல் ஆஸ்திரியாவில் நாடாளுமன்றத்தை முடக்கிய டோல்ஃபுஸ், நாஜிகளின் ஸ்வஸ்திகாவுக்கு எதிராக இதைத் தம் இயக்கத்தின் சின்னமாக்கினார். அடுத்த ஆண்டே நாஜிகள் அவரைக் கொன்றார்கள். 1938 மார்ச்சில், நாட்டின் விடுதலையைக் காக்க அறிவிக்கப்பட்ட வாக்கெடுப்புக்காக வியன்னா தெருக்களில் இந்தச் சிலுவையை வரைந்திருந்தார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை; ஹிட்லரின் படை வந்துவிட்டது. பிறகு அந்த ஓவியங்களை, சுற்றி நின்ற கூட்டம் கேலி செய்ய, மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவும்படி யூதர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வரலாற்றுப் புகைப்படங்களில் அந்தக் காட்சியை இன்றும் காணலாம்.

வலிமையைக் காட்டத்தான் அரசர்களும் தலைவர்களும் இந்தச் சின்னத்தை ஏந்தினார்கள். அதன் பெயரோ, வலிமை குறைந்தவருக்குத் தோள் கொடுக்கும் கட்டையின் பெயர். நாமும் வீட்டைத் தாங்கும் பிள்ளையை ‘குடும்பத்துக்கு ஊன்றுகோல்’ என்றுதான் சொல்கிறோம். சாய்ந்தவரைத் தாங்குவதுதான் வலிமை என்பதை அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் அறிந்திருக்கிறார்கள். சின்னத்தைத் தூக்கியவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

பிள்ளைகளே, சின்னம் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் பெயருக்கு என்ன பொருள்? இதை யார், எதற்காகத் தூக்கினார்கள்? பாதி வரலாறு அதிலேயே கிடைத்துவிடும்.