கண்ணுக்குத் தெரியாத பிரதி

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று வந்தது. தானே வாசிக்கும் பியானோவில் மாட்டினால் பாட்டுக் கேட்கும். அதைத் தயாரித்த அப்பல்லோ கம்பெனி மீது ஒயிட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பகம் வழக்குத் தொடுத்திருந்தது. மனிதன் பார்த்துப் படிக்க முடியாதது பிரதி ஆகாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. இசை வழக்கில் சாட்சி கண். காதை யாரும் கேட்கவில்லை.

மறு வருஷமே சட்டம் மாறியது. உரிமையாளர் ஒருவருக்கு அனுமதி தந்துவிட்டால், பிறகு யாரும் அந்தப் பாட்டைச் சுருளில் ஏற்றலாம். பிரதிக்கு 2 சென்ட் தரவேண்டும். அந்த 2 சென்ட் 1978 வரை அசையவில்லை.

இணையத்தில் பாட்டு ஒலிபரப்பும் ஸ்பாட்டிஃபை மீது 2015 டிசம்பரில் அமெரிக்கப் பாடலாசிரியர் டேவிட் லோவரி தொடுத்த வழக்குக்கு மூலம் இந்தச் சுருள்தான். ரெக்கார்ட் கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருந்தது. பாட்டை எழுதியவர்கள் பலரிடம் சுருள்வழி வந்த உரிமை வாங்கப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. உரியவர் யார் என்கிற விவரம் பல பாட்டுகளுக்குக் கிடைக்கவில்லை என்றது கம்பெனி. பாங்கில் கேட்பாரற்ற கணக்குகளைப் பார்க்கிறவன் நான். ஆள் கிடைக்கவில்லை என்ற குறிப்புக்குத் தேடவில்லை என்றும் அர்த்தம் உண்டு.

2017இல் 4 கோடியே 34 லட்சம் டாலருக்குச் சமரசம். 2018இல் புதுச் சட்டம்: பழைய பாக்கியை ஒப்படைக்கும் கம்பெனிகளுக்குப் பழைய மீறல்களுக்கான நஷ்டஈட்டில் வரம்பு. தண்டனை மாதிரியும் இருக்கிறது, மன்னிப்பு மாதிரியும் இருக்கிறது. 2021இல் ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட இருபது கம்பெனிகள் கொண்டுவந்து கட்டிய, ஆள் அடையாளம் காணப்படாத தொகை 42 கோடி டாலருக்கு மேல்.