சோழவரம் ஓடுபாதை முதல் துபாய் 24 மணி நேரம் வரை: தமிழ்நாட்டு அமெச்சூர் கார் ஓட்டுநர்களின் பாதை

2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற செய்தி எங்கள் விக்கிரமங்கலம் வரை வந்து சேர்ந்தது. ஒரு நடிகரின் வெற்றியாகவே ஊரில் அதைப் பேசினார்கள். பந்தய வரலாற்றைத் தேடிப் படிக்கிறவருக்கு வேறொரு கேள்வி எழும். பந்தயத்தைப் பிழைப்பாகக் கொண்டு வளராத ஒருவர், 53 வயதில், அதையே தொழிலாகக் கொண்டவர்களோடு சேர்ந்து இறங்க எந்தக் கதவு திறந்திருந்தது? வேகம் மட்டும் அந்தக் கதவைத் திறக்கவில்லை, பந்தய விதிகளும் சேர்ந்தே திறந்தன என்பது என் வாதம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வணிகக் குடும்பத்தினர், ஆலை உரிமையாளர்கள், சமஸ்தான வாரிசுகள் என்று கைக்காசைச் செலவழிக்க முடிந்தவர்களே பெரும்பாலும் ஓட்டினார்கள். கூட்டம் மட்டும் எல்லாத் தரப்பிலிருந்தும் திரண்டது. இவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்குவது பிழை. களத்தையும் காரையும் விதிமுறைகளையும் உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் செய்து காட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்த வகையில் ஓட்டிப் பழகியே ஒரு தலைமுறை மேலே வந்தது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயக்களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னை கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத்தில் சொந்தக் களமே அமைத்துவிட்டது.

இந்த அமெச்சூர் மரபு முதலில் குடும்பத்துக்குள்தான் தொழில்முறையாக மாறியது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் மகன் விக்கி சந்தோக் ராலியிலும் களப் பந்தயத்திலும் ஓட்டியவர். பேரன் கருண் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கோவையில் ராலி ஓட்டுநர் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். தந்தைக்கு ஆசையாக இருந்தது மகனுக்குப் பிழைப்பாயிற்று. ஆனால் ஒற்றை இருக்கைப் பந்தயத்தின் ஏணியில் இளம் வயதிலேயே கால் வைக்க வேண்டும். முப்பது வயதில் ஆசை வந்தவருக்கு அதில் இடமில்லை.

நெடுநேரப் பந்தயத்தின் இயல்பே வேறு. 1923இல் பிரான்சின் லெ மான் நகரில் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயத்தில் செல்வந்த அமெச்சூர்கள் முதல் பத்தாண்டிலேயே வென்றார்கள். வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசான வுல்ஃப் பர்னாட்டோ 1928, 1929, 1930 என மூன்று முறை கலந்துகொண்டு மூன்றிலும் வென்றவர். பின்னாளில் கார் நிறுவனங்களின் பணமும் தொழில்முறை ஓட்டுநர்களும் பெருகிய பிறகும் அமெச்சூர் அங்கிருந்து மறையவில்லை. ஒரு காரைப் பலர் மாறி மாறி ஓட்டுவதால் அவருக்கு ஓர் இருக்கை மிஞ்சியது. அந்த இருக்கைக்குச் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு விதியாலேயே காப்புக் கொடுத்தது. ஓட்டுநர்கள் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு தரம். 2024 முதல் உலக நெடுநேரப் பந்தயத் தொடரின் ஜிடி3 பிரிவில், ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே தீர வேண்டும். அவர் குறிப்பிட்ட நேரம் ஓட்டவும் வேண்டும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. தொழில்முறை ஓட்டுநர்களுக்கிடையே ஒரு சுற்றுக்குச் சில பத்தில் ஒரு நொடிதான் வித்தியாசம். வெண்கல ஓட்டுநர்களுக்கிடையே அது முழு நொடிகளாக விரியும். எனவே பல பந்தயங்களின் முடிவு அமெச்சூரின் கையில்தான். வேகமான வெண்கல ஓட்டுநருக்கு அணிகள் போட்டி போடுகின்றன. அவர் மேலும் தேறி வெள்ளித் தரத்துக்கு உயர்த்தப்பட்டாலோ, அதே இருக்கை கைவிட்டுப் போகலாம். முன்னேற்றமே இடையூறாகும் இந்த நிலையைப் பேசாமல் அமெச்சூரின் உயர்வைப் பற்றி எழுதுவது அரைகுறை வேலை.

நம்மவர்கள் லெ மானைத் தொட்ட விதமும் கவனிக்கத்தக்கது. 2009இல் நரேன், கோலஸ் அணியின் ஆடி காரில் தகுதிச் சுற்று வரை போனார். பந்தயத்துக்குச் சற்று முன் தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியவில்லை. மற்ற இருவருமே 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி ஏழாமிடம் பிடித்தார்கள். 2012இல் கருண், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் ஆறாமிடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு அவரோடு காரைப் பகிர்ந்தவர்களில் ஒருவர், நிதித்துறையிலிருந்து வந்த அமெச்சூர் மார்க் பேட்டர்சன். சோழவரத்து அமெச்சூரின் பேரன் தொழில்முறை ஓட்டுநராகி, இன்னொரு அமெச்சூருக்குக் கார் கைமாற்றிய அந்தக் காட்சி இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது.

அஜித்குமார் பந்தயக் குடும்பத்திலிருந்து வந்தவர் அல்லர். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா டூ என்று அவரும் முதலில் ஒற்றை இருக்கை ஏணியைத்தான் முயன்றார். ஃபார்முலா டூவில் தன்னைவிடப் பல ஆண்டு இளையவர்களோடு ஓட்டினார். பிறகு நீண்ட இடைவெளி. 2024இல் சொந்த அணி தொடங்கித் திரும்பியபோது தேர்ந்துகொண்டது நெடுநேரப் பந்தயம். துபாய்ப் பயிற்சியில் அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அதன்பின் தன் அணியின் 901ஆம் எண் போர்ஷேயை ஓட்டுவதிலிருந்து விலகி, மேத்யூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரன் மெக்லியோட் ஆகியோரிடம் அதை விட்டார். தான் வேறோர் அணியின் ஜிடி4 காரில் ஓட்டினார். 901 மூன்றாமிடத்தில் முடிந்தது. அணியின் உரிமையாளர் தன் காரிலேயே தன் இருக்கையை விட்டுக்கொடுத்தது, தொழில்முறை மனத்துக்குச் சான்று என்றே கொள்கிறேன். அந்த ஆண்டே முஜெல்லோவிலும் ஸ்பாவிலும் அணி தன் பிரிவில் மேடையேறியது.

வெண்கல விதி காக்கும் இருக்கைக்குப் பணம் கொண்டுவருகிறவர், பெரும்பாலும், அந்த அமெச்சூரேதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியோடு இரவு முழுக்க விழித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் தூக்கத்தை வெல்வதும், பிரேக்கைக் காப்பாற்றி ஓட்டுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் பிள்ளைகளுக்கு இன்று எட்டக்கூடிய இடம் ஸ்டியரிங் பக்கம் இல்லை. பிட்டில், டயர் மாற்றுகிற, இன்ஜின் பார்க்கிற மெக்கானிக்கின் பக்கம். கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துச் செய்த வேலையை, நெடுநேரப் பந்தயத்துக்காக இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ யாராவது மறுபடி செய்தாக வேண்டும்: குறைந்த செலவுக் கார், மூன்று பேர் பகிரும் இருக்கை, இரவில் ஓடும் ஆறு மணி நேரம்.