வீட்டுப் படம் தகடான வரலாறு



நம் பங்கின் வரலாறு இம்மலரின் வேறு பக்கங்களில் வருகிறது. நான் எழுதப் புகுவது, அத்தகைய வரலாற்றைப் படமாகப் பிடித்து வைத்த கருவிகளின் கதை. புதுநன்மை, திருமணம், அடக்கச் சடங்கு எனக் கறுப்புக் கேசட்டுகளாக உங்கள் அலமாரிகளில் உறங்குபவையும் இக்கதையில் அடக்கம்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1898-இல் வத்திக்கான் தோட்டத்தில் தம்மைச் சலனப்படம் எடுக்க இசைந்தார். அந்நாளில் அது கம்பெனிகளின் வேலை. 1923-இல் கோடாக் நிறுவனம், எளிதில் தீப்பற்றாத 16 மில்லிமீட்டர் சுருளை வெளியிட்ட பின்னரே குடும்பத்தினர் தாமே படம் பிடிப்பது பரவலாயிற்று. 1932-இல் 8 மில்லிமீட்டர், 1965-இல் சூப்பர் 8 என்று செலவு குறைந்தது. சூப்பர் 8 சுருள் ஒன்று 50 அடி. நொடிக்கு 18 படமாக ஓட்டினால் மூன்றே கால் நிமிடத்துக்குச் சற்று மேல் தீர்ந்துவிடும். எனவே அளந்து அளந்து பிடித்தார்கள்.

1976-இல் ஜப்பானில் வி.எச்.எஸ். கேசட் வந்தது, சிக்கனம் போயிற்று. மூன்று மணி நேரத் திருமணம் மூன்று மணி நேரமும் பதிவாயிற்று. (யார் உட்கார்ந்து பார்ப்பது?) வெட்டித் தொகுக்கலாமென்றால் நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுக்க வேண்டும், ஒவ்வொரு நகலிலும் படம் மங்கும். 1995-இல் வந்த டிஜிட்டல் கேசட்டும் கணினியும் அக்குறையைத் தீர்த்தன. 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. 2001-இல் ஆப்பிள் நிறுவனம் தகடு எழுதும் கருவியையும் அதற்குரிய மென்பொருளையும் தன் கணினியிலேயே சேர்த்துத் தந்தது.

இங்கேதான் பலர் இடறினார்கள். நானும் இடறினேன். முன்பு பணியாற்றிய பங்கொன்றில் தேர்த்திருவிழாப் படத்தைத் தொகுத்து, கணினிக் கோப்பை அப்படியே தகட்டில் ஏற்றி, இருபது வீடுகளுக்குக் கொடுத்தேன். என் கணினியில் ஓடிற்று; ஒரு வீட்டு பிளேயரிலும் ஓடவில்லை. பிளேயருக்குப் படம் 'எம்பெக் 2' முறையில் சுருக்கப்பட்டு, 'வீடியோ டி.எஸ்.' என்ற அடைவுக்குள் ஒழுங்குபடுத்தப்பட்டு, தகடு முறைப்படி முடித்து மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதைப் பிறகே கற்றேன். இடமும் அளவானது: ஓரடுக்குத் தகட்டில் 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேரம் நன்றாக அமையும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால், கூட்டம் அசையும்போதும் வாணவேடிக்கையின்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆகவே வெட்டினோம். என் பிரசங்கம் முதலில் போயிற்று, யாரும் வருந்தவில்லை. கை நடுங்கி எடுத்த பகுதிகளையும் நீக்கினோம். தகடு நன்றாக ஓடிற்று. சில வாரம் கழித்து ஒரு பாட்டி வந்து, "சாமி, எங்க வீட்டுக்காரரு தேர்வடம் பிடிச்சாரே, அது எங்கே?" என்றார். திருவிழா முடிந்த மூன்றாம் மாதம் அவர் கணவர் இறந்திருந்தார். நடுங்கிய பகுதியில்தான் அவர் இருந்தார். மூலக் கேசட்டைத் தேடினேன். சிக்கனம் என்று அதன்மேல் வேறு விழாவைப் பதிந்துவிட்டோம்.

நிற்க. வி.எச்.எஸ். டெக்குகள் செய்வதைக் கடைசியாக ஒரு ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. டி.வி.டி. பிளேயரும் பல வீடுகளில் பரணுக்கு ஏறிவிட்டது. திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1959-இலேயே வத்திக்கானில் திரைப்படக் காப்பகம் நிறுவினார். நம்மிடம் இருப்பது பங்குமனையில் ஓர் இரும்பு அலமாரி. உங்கள் கேசட்டுகள்மேல் குடும்பப் பெயரும் ஆண்டும் எழுதி, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கொண்டுவாருங்கள். முதலில் வெட்டாமல் முழுவதையும் நகலெடுத்து வைப்போம். தொகுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேசட்டுகளை உங்களிடமே திருப்பித் தருவோம்.