சைக்கிள் கணக்கு

சைக்கிளுக்கு வரி கட்டிய ஆள் யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். வருஷா வருஷம் முனிசிபாலிட்டியிலோ பஞ்சாயத்து ஆபீசிலோ காசு கட்டி, ஒரு சின்னத் தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் மாட்டினால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனால் அபராதம், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போனால் அதற்கும் அபராதம். இப்போது கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு பொருளுக்கு அரசாங்கம் வரி போடுகிறது என்றால் அது சாதாரணப் பொருள் இல்லை, சொத்து என்று அர்த்தம். வங்கிக்காரன் புத்தி, எனக்கு இப்படித்தான் தோன்றும்.

நம்மூரில்தான் இந்தக் கூத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிழைப்புக்காக வந்து சேர்ந்திருக்கும் இந்த நெதர்லாந்திலும் இதே கதைதான். 1924-ல் சைக்கிளுக்கு வருஷத்துக்கு 3 கில்டர் வரி போட்டார்கள். கட்டினால் ஒரு பித்தளை வில்லை. வேலையில்லாதவர்களுக்கு வில்லை இலவசம், ஆனால் அதன் நடுவில் ஓர் ஓட்டை போட்டிருக்கும். ஓட்டையைப் பார்த்தாலே இவன் இல்லாதப்பட்டவன் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். 1941-ல் ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோதுதான் அந்த வரி ஒழிந்தது.

இன்று இங்கே மக்கள்தொகை 1 கோடியே 80 லட்சம் சொச்சம், சைக்கிள்கள் 2 கோடியே 30 லட்சம் அளவில். நான் இருக்கும் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. 2019-ல் முழுசாகத் திறந்தார்கள். கோட்டு சூட்டு போட்ட மேனேஜரும் சைக்கிள்தான், முன்பக்கம் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அம்மாவும் சைக்கிள்தான். என் பெண்ணுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்குத் தனியாகவே போய்விட்டு வருகிறாள். ஊரில் இதைச் சொன்னால், "புள்ளைய தனியாவா வுடறீங்க?" என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் ஊர். கோபிநத்தம் என்றதும் எல்லோருக்கும் ஒரே ஒரு மீசைதான் ஞாபகத்துக்கு வரும். வீரப்பன் பிறந்த ஊர், மறுப்பதற்கில்லை. எங்களுக்கு இன்னொருவரும் ஞாபகத்துக்கு வருவார். எங்கள் ஊரிலேயே தங்கி, மாரியம்மன் கோவில் எழுப்பி, ஜனங்களுக்கு வீடு கட்ட உதவிய வன அதிகாரி சீனிவாஸ். 1991 நவம்பரில் வீரப்பன் அவரைக் கொன்றான். அவர் படத்தை வைத்து இன்றும் கும்பிடுகிறார்கள். ஊர் கர்நாடகத்தில், வீட்டில் பேசுவது தமிழ். 1997 வரை மைசூர் மாவட்டம், பிறகு பிரித்துச் சாமராஜநகரில் போட்டார்கள். பாலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை, இன்னொரு பக்கம் காவேரி. சாமான் சட்டு வாங்க மேட்டூர், சர்க்கார் காரியத்துக்குக் கொள்ளேகால், மைசூர். பஸ்ஸை விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் என்பது என்ன என்று சொல்லவே வேண்டாம்.

சைக்கிள் வைத்திருந்தவர் வீடு ஊருக்கே தெரியும். ஒரே வண்டியில் முன் பாரில் சின்னவன், பின்னால் கேரியரில் சம்சாரம், அவள் மடியில் கைக்குழந்தை, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை. பால் கேன், விறகுக் கட்டு, சந்தைக்குப் போகும் கோழி, கம்பு மூட்டை எல்லாம் அதே கேரியர்தான். பையன்களான நாங்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்துத்தான் கற்றுக்கொண்டோம். முழங்கால் தேயாமல் கற்றுக்கொண்டவன் ஒருத்தனும் இல்லை. டவுனில் வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கு, நோட்டில் பேர், போன நேரம் வந்த நேரம். பஞ்சரானால் நம் தலையில். நான் பார்த்த முதல் கடன் பதிவேடு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பெண் பிள்ளைகள் யாரும் குரங்கு பெடல் அடித்து நான் பார்த்ததில்லை. அக்கா ஏழாவதோடு நின்றாள். மேலே படிக்கும் பள்ளிக்கூடம் தூரம், காட்டு வழி, அந்தக் காலத்து எங்கள் பக்கத்து நிலவரம் வேறு. வீட்டில் சைக்கிள் இருந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவள் கற்றுக்கொள்ளலாம் என்று யாருக்கும், அவளுக்கும்கூட, தோன்றவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சைக்கிள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சாமான். சுதந்திரத்துக்குப் பிறகுதான் இங்கே பெரிய அளவில் தொழிற்சாலைகள் வந்தன. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தது. அம்பத்தூர் ஹெர்குலிஸ் நம் பக்கத்துக்கு வந்தது அப்படித்தான். 1951-ல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. 1986-ல் உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று ஹீரோ கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. உள்ளூரில் செய்தாலும் கூலிக்காரனுக்கு அது மாசக்கணக்கில் சேர்த்து வாங்கும் பொருள்தான். மாப்பிள்ளைக்குச் சைக்கிளும் வாட்சும் போடுவது சீர் வரிசையில் சேர்ந்தது அதனால்தான். அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குச் சைக்கிள் முன்பணம் என்றே ஒன்று இருந்தது, மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மத்திய அரசில் இந்த முன்பணம் 2016-ல் ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகுதான் நின்றது. ஆக, சைக்கிளின் வரலாறு என்பது பாதி கடனின் வரலாறு.

அந்தக் கடன் பெண்கள் கைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. சீனிவாஸ் கொல்லப்பட்ட அதே 1991-ல், அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தில் சைக்கிளையும் சேர்த்தார். காரணம் ரொம்ப எளிமை. பாடம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களில் பாதி பெண்கள், அவர்கள் உள்கிராமங்களுக்குப் போகவேண்டும், பஸ் கிடையாது. சைக்கிள் வாங்க வங்கியில் கடனுக்கு ஏற்பாடு, ஓட்டக் கற்றுக்கொடுக்க முகாம். கல்குவாரியில் கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், நர்சுகள், ஆசிரியைகள் என்று கிளம்பிவிட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னாளில் அங்கே போய் எழுதியபோது, மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு லட்சம் இருக்கும் என்று குறிப்பிட்டார்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளையே ஓட்ட ஆரம்பித்தார்கள். சிலர் அதுதான் தோது என்றே சொன்னார்கள். ஏன் தெரியுமா? பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அப்பா ஓட்ட, பிள்ளை பாரில் உட்கார்ந்து போகும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பாருக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்தது அங்கேதான். கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும் என்று தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அதற்கப்புறம் சைக்கிள் கடனாக இல்லாமல் இலவசமாக வந்தது. தமிழ்நாட்டில் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்துப் பிறகு எல்லா மாணவர்களுக்குமாக விரிந்தது. கர்நாடகத்தில் 2006-07-ல் எட்டாம் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு பையன்களுக்கும் கொடுத்தார்கள். "ஓட்டுக்கு இலவசம்" என்று நம் படித்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சரி, கணக்குப் பார்த்துவிடுவோம். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். 2,000 ரூபாய்க்கு இப்படி வட்டி கொடுத்த முதலீட்டை நான் வேலை பார்த்த எந்த வங்கியிலும் பார்த்ததில்லை. அக்கா நின்றுபோனதும் ஒரு சில கிலோமீட்டர் தூரத்தால்தான்.

சரி, இவ்வளவு நடந்தும் சைக்கிள் ஏன் பெரியவர்கள் கையைவிட்டுப் போனது? 2001 சென்சஸில் இந்தியாவில் 43.7 சதவீத வீடுகளில் சைக்கிள், 11.7 சதவீத வீடுகளில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ. 2011-ல் சைக்கிள் 44.8, மோட்டார் வண்டி 21. கவனியுங்கள், சைக்கிள் குறையவில்லை. அதன் மரியாதைதான் குறைந்தது. சைக்கிள் என்றால் பள்ளிப்பிள்ளை வண்டி, இல்லாவிட்டால் இல்லாதவன் வண்டி. வில்லையில் ஓட்டை போடவில்லையே தவிர, ஓட்டையுள்ள வில்லை மாதிரிதான் ஆகிவிட்டது. சாலைகளையும் அதற்கேற்பவே போட்டோம். பைபாஸ், மேம்பாலம், நடுவில் சுவர். அதில் சைக்கிள்காரன் எங்கே போவான் என்று யாரும் யோசிக்கவில்லை. 1951-ல் பிறந்த அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ம் தேதி மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்!

நான் பி.காம். படித்த மைசூரில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1903-லேயே நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டு வைத்துத் திட்டமிட்டு அகலத் தெருக்கள் போட்ட ஊர் அது, சாமுண்டி மலையை விட்டால் பெரிய ஏற்றமும் கிடையாது. 2017 ஜூனில் 'டிரின் டிரின்' என்று பொது சைக்கிள் திட்டம் கொண்டுவந்தார்கள். 450 சைக்கிள்கள், ஊர் முழுக்க ஐம்பதை ஒட்டி நிறுத்தங்கள். ஓர் அட்டையைக் காட்டி இங்கே எடுத்து அங்கே விடலாம். பழைய வாடகை சைக்கிள் கடைக்குக் கம்ப்யூட்டர் வைத்த மாதிரி. ஆனால் சைக்கிள் வந்த அளவுக்குச் சைக்கிளுக்கான பாதை வரவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு ரோட்டைக் கொடுக்காமல் விட்டால், கடனைக் கொடுத்துவிட்டுத் தொழில் செய்ய இடம் கொடுக்காத கதைதான்.

"அவங்க ஊர் அப்படி, நம்ம ஊர் இப்படி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஊரும் அப்படி இல்லை. 1971-ல் நெதர்லாந்தில் சாலை விபத்தில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். விபத்தில் தன் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று அர்த்தம். அம்மா அப்பாக்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடாமல் இருந்தபோது, தெரு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் பார்த்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு நகரமாகப் பாதை போட ஆரம்பித்தார்கள். இதே உட்ரெக்டில் எழுபதுகளில் பழைய அகழியைத் தூர்த்துக் கார் சாலை போட்டார்கள். அந்தச் சாலையைப் பெயர்த்து 2020-ல் மறுபடி தண்ணீர் விட்டார்கள். இன்று சாலை மரணம் வருஷத்துக்கு எழுநூறை ஒட்டித்தான். இங்கே பிள்ளைகள் தைரியசாலிகளாகப் பிறக்கவில்லை. தெருவைப் பெரியவர்கள் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். நம் பெண்கள் தனியாகப் போகமாட்டார்கள் என்பது பழக்கமும் இல்லை, பண்பாடும் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு வருஷத்தில் அது உடைந்தது. நம்மிடம் தொழிற்சாலை இருந்தது, கடன் இருந்தது, இலவச சைக்கிள் இருந்தது, ஓட்டத் தயாரான பெண்கள் இருந்தார்கள். வரவுப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. பாக்கி நிற்பது ஒரே ஓர் இனம், ரோட்டோரத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் பயமில்லாத இடம். பிளஸ் டூ முடிந்ததும் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் அந்த இலவச சைக்கிள் செயின் துருப்பிடித்து நிற்கிறது. ஓட்டியவளுக்கு ஓட்டம் மறக்கவில்லை. மறக்கிற வித்தையும் இல்லை அது.