காகிதத்துக்கு வந்த குளிர்

சென்ற ஐப்பசியில் என் நாவல் ஒன்றுக்கு அட்டைப்படம் அச்சாகிக்கொண்டிருந்தது. வெளியே அடைமழை. அச்சகத்து அண்ணாச்சி டெலிபோனில் கூப்பிட்டு, "ஸார், ஒரு நடை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். போனேன். கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு அரை நூல் கீழே இறங்கி நின்றது. நெற்றிப் பொட்டும் அதே அளவுக்குப் புருவத்தை நோக்கி வழிந்திருந்தது. நாவலில்கூட நான் அவளை இவ்வளவு படுத்தவில்லை.

"மெஷின்மேல் குற்றமில்லை, ஸார். மஞ்சளும் சிவப்பும் நேற்றே ஓட்டிவிட்டோம். ராத்திரி மழையில் காகிதம் தண்ணி குடித்துவிட்டது. இன்றைக்குக் கறுப்பு ஓட்டினால் இடம் மாறி விழுகிறது. எங்கள் சிவகாசியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மழையே விருந்தாளி மாதிரிதானே வரும்!"

காகிதம் என்பது நார். ஈரக் காற்றில் நார் ஊதும். வறண்ட காற்றில் சுருங்கும். ஊதுவதும் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே தாளில் நான்கு வர்ணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மெஷின் அறைக்கும் காகித அறைக்கும் ஏர்கண்டிஷன் போட்டுவிடுவது என்று அண்ணாச்சி தீர்மானித்தார். "எத்தனை டன் போடலாம், ஸார்?" என்று என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனுக்குச் சகலமும் தெரியும் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று வீட்டுக்கு வந்து புஸ்தகங்களைப் புரட்டினேன். புரட்டியபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நவீன ஏர்கண்டிஷன் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் முதல் ஏற்பாடு, அண்ணாச்சிக்கு வந்த இதே வியாதிக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது!

1902-ம் வருஷம். நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஸாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஒரு பெரிய வர்ண அச்சகம். கோடைப் புழுக்கத்தில் வர்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வால்டர் டிம்மிஸ் என்ற ஆலோசனை இஞ்சினீயர், பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியின் நியூயார்க் விற்பனை அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னார். விசிறிகளும் சூடேற்றும் சாதனங்களும் விற்கிற கம்பெனி அது. அங்கே இருந்த இர்வின் லைல் நல்ல வியாபாரி. தன்னிடம் இருந்த விசிறியையே நாலு கூடப் போடச் சொல்லித் தலையில் கட்டாமல், சமாசாரத்தைத் தலைமை ஸ்தாபனத்துக்கு எழுதி அனுப்பினார். அங்கே வில்லிஸ் காரியர் என்ற பையனிடம் வேலை போயிற்று. வயசு 25. கார்னெல் சர்வகலாசாலையை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

காரியர் முதலில் சாக்குத் துணியைக் கால்சியம் குளோரைடு கரைசலில் தோய்த்து, அதன் வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். காற்று உலர்ந்தது, ஆனால் கூடவே உப்பையும் சுமந்துகொண்டு வந்தது. உப்புக் காற்றை அச்சு மெஷின்மேல் விட்டால் இரும்பு என்னவாகும்? அதைத் தூக்கி எறிந்துவிட்டு, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் காற்றை ஓட்டினார். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். காற்றில் இருக்கும் நீர்தான் அது. அந்தக் குழாய்களும் அப்படி வியர்த்தன. எவ்வளவு குளிர்ந்த குழாய்மேல் எவ்வளவு வேகத்தில் காற்றை விட்டால் எவ்வளவு நீர் மிஞ்சும் என்று கணக்குப் போட்டதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கோடையானாலும் குளிரானாலும் அறையில் ஈரம் நூற்றுக்கு 55 பங்கு இருக்கவேண்டும் என்பது கணக்கு. 1902 ஜூலை 17 என்று தேதியிட்ட வரைபடங்கள் அதற்குச் சாட்சி.

அந்த ஏற்பாட்டின் பலத்தை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு ஐஸ் உருகினால் உண்டாகும் குளிர்ச்சி என்றார்கள். அதாவது அமெரிக்கக் கணக்கில் 54 டன். இன்றைக்குக் கடைக்காரர் 'ஒண்ணரை டன்' என்கிறாரே, அது யந்திரத்தின் எடையல்ல. 24 மணி நேரத்தில் ஒண்ணரை டன் ஐஸ் உருகித் தரும் குளிர்ச்சி. ஐஸ்கட்டி செத்துப்போய் வெகு காலமாயிற்று. அதன் ஆவி மட்டும் விலைப்பட்டியலில் உலாவுகிறது. நம் மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டிடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்து வைத்தார்கள்.

மனிதர்களை யாருமே நினைக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 1903-ல் நியூயார்க் பங்கு மார்க்கெட்டின் புதிய மண்டபத்துக்கு ஆல்ஃபிரட் உல்ஃப் என்ற இஞ்சினீயர் 300 டன் குளிர்ச்சி கொடுத்தார். ஆனால் அங்கே வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் லட்சாதிபதிகள். மற்ற இடங்களில் சரக்குதான் எஜமானன். 'ஏர்கண்டிஷனிங்' என்ற பெயரே 1906-ல் ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர் பஞ்சாலைகளுக்காக வைத்தது. அங்கே காற்றைக் குளிரவைப்பதல்ல நோக்கம். நூல் அறாமல் இருக்க ஈரத்தை ஏற்றுவது. அந்த ஈரத்தில் ஆள் வெந்தால் வேகட்டும், நூல் அறக்கூடாது. கோயம்புத்தூர் மில்களில் ஸ்பின்னிங்கில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1915-ல் காரியரும் லைலும் இன்னும் ஐந்து இஞ்சினீயர்களும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ஜனங்கள் பக்கம் அவர்களைத் திருப்பியது கருணை அல்ல, கல்லாப்பெட்டி. டெட்ராயிட்டில் ஹட்ஸன் ஜவுளிக்கடையின் நிலவறையில் மலிவு விற்பனைக் கூட்டத்தில் வாடிக்கைக்காரர்கள் மயங்கி விழுந்தார்கள். மயங்கி விழுந்தவர் சாமான் வாங்குவாரா? 1924-ல் அங்கே யந்திரம் வந்தது. சினிமாக் கொட்டகைகளிலோ அதற்கு முன்பே குளிர்ச்சி இருந்தது, ஆனால் தரையிலிருந்து மேலே ஊதினார்கள். தலை வியர்த்தது, கால் விறைத்தது. காலுக்குப் பத்திரிகைத் தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்களாம். காகிதம் மனிதனுக்குச் செய்த பிரதியுபகாரம்! மேலிருந்து காற்றை இறக்கும் முறை வந்த பிறகுதான் அது தீர்ந்தது. 1925 மே கடைசியில் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் முதல் நாள் யந்திரம் தாமதமாகக் கிளம்பியது. ஜனங்கள் பழக்கப்படி கொண்டுவந்த விசிறிகளை வீசிக்கொண்டே இருந்தார்கள். காரியருக்கு அடிவயிறு கலங்கியது. பிறகு ஒரு விசிறி நின்றது, இன்னொன்று நின்றது, கொஞ்ச நேரத்தில் கொட்டகையே அசையாமல் படம் பார்த்தது. ஒரு எழுத்தாளனுக்கு அந்த மாதிரி ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும். 1928-ல் டெக்ஸாஸ் ஸான் அன்டோனியோவில் 21 மாடி மைலம் கட்டிடம் முழுக்கக் குளிர்ந்தது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் முறை வந்தது.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டன் எத்தனை, ஸார்?" என்றார்.

நல்லவேளை, விற்பனைக்கு வந்த இஞ்சினீயர் விஷயம் தெரிந்தவர். முதலில் ஒரு கடைக்காரர், "பெரிசாகப் போட்டுவிடுங்கள், சீக்கிரம் குளிரும்" என்று சொல்லியிருந்தார். இவர் அதை மறுத்தார். அளவுக்கு மிஞ்சின யந்திரம் சட்டென்று குளிரவைத்துவிட்டுத் தானே நின்றுபோகும். காற்றிலுள்ள நீரை உறிஞ்ச அதற்கு அவகாசமிராது. அறை குளிரும், காகிதம் நனைந்தேயிருக்கும் என்றார். பிறகு கணக்கு எழுதினார். ஜன்னல், மேற்குச் சுவர், விளக்கு, மோட்டார், ஆட்கள். 'ஆட்கள்' என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். மனித உடம்பும் ஓர் அடுப்புதான், இத்தனை பேர் இருந்தால் இவ்வளவு உஷ்ணம், இவ்வளவு ஈரம் என்று கூட்டவேண்டுமாம். சுகப்படவேண்டியவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை. சூடு உண்டாக்குகிறவர்கள் பட்டியலில் இருந்தார்கள்.

யந்திரம் வந்தது. என் கதாநாயகிக்கு உதடு திரும்பக் கிடைத்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம் அந்த அச்சகத்துக்குப் போயிருந்தேன். பாரம் மடிக்கும் பெண்கள் தகரக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள். காகித அறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, அந்தக் கீற்றுக் குளிரில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவைச் சாத்துங்கம்மா, காகிதம் கெட்டுப்போகும்" என்றார் அண்ணாச்சி.

"எந்தப் பக்கம் இருந்துகிட்டுச் சாத்தணும், அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஒருத்தி, வயசானவள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அப்புறம், "உள்ளே வந்து சாத்துங்க" என்றார்.

பதினோரு பேர் உள்ளே போனார்கள். ரசம் வாசனையும் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த ஈரமானியின் முள் மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அண்ணாச்சி வாசலிலேயே நின்றார்.