வேலூர், 1986

2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து ஆண்கள். அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, இல்லாத மரபணுவை அவற்றுக்குள் சேர்த்து, திரும்ப உடலுக்குள் செலுத்தியிருந்தார்கள். ஐந்து பேரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

கட்டுரை எட்டே பக்கம்தான். ஆனால் அதன் வேர்களைத் தேடிக்கொண்டு போனால் 1986-க்கு வந்து நிற்கிறோம். அந்த ஒரு வருடத்தில் வேலூரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். ரத்தம் உறையப் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அதில் ஒன்று ஃபாக்டர் 8. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்பதால் ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்றுதான். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. நம் குடும்பங்களில் இதைச் சொல்லப் பாடப்புத்தகம் வேண்டாம்: தாய்மாமனுக்கு இருந்தது மருமகனுக்கு வரும், நடுவில் அம்மா நன்றாகத்தான் இருப்பாள். முறைப்பெண்ணைக் கட்டும் வழக்கம் இதில் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. நோயுள்ள மாமன் தன் மகளுக்குக் கொடுப்பது பழுதான எக்ஸைத்தான். நோயுள்ள அத்தை மகன் அவளைக் கட்டினால், அபூர்வமாகப் பெண் குழந்தைக்கும் நோய் வரலாம்.

வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்காமல் போவதுதான் ஹீமோஃபீலியா என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான அழிவு மூட்டுக்குள் நடக்கிறது. முழங்காலில், கணுக்காலில், முழங்கையில் வெளியே தெரியாமல் ரத்தம் கசிந்து கசிந்து எலும்பைத் தின்றுவிடும். நான் வேலை பார்ப்பது தென்காசிக்குப் பக்கத்தில். சாரல் விழுந்துவிட்டால் சாயங்காலம் அலுவலகமே குற்றாலத்துக்குக் கிளம்பும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அக்கா மகனுக்கு இந்த நோய். ஐந்தருவிக்குக் கூட்டிவந்தால் பையன் படியிலேயே உட்கார்ந்திருப்பான். பாறை வழுக்கும், கூட்டம் நெருக்கும், ஒரு இடி போதும். நண்பரின் தாய்மாமாவுக்கும் இருந்தது. அவர் முப்பது வயதிலேயே கம்பு ஊன்றியவர். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மாமா காலத்தில் அது கிடையாது.

1986-க்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். சோதிக்கும் வசதி சென்னையில் அவருக்குக் கிடைக்கவில்லை. வேலூரில் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் இருந்தது. பிப்ரவரியில் ஓர் இரவு ரயிலில் கணவரோடு மாதிரிகளை எடுத்துக்கொண்டு காட்பாடியில் இறங்கினார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

அதே 1986-ல், அதே நிறுவனத்தில், ரத்தவியல் மருத்துவர் மாம்மன் சாண்டி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கினார். தலசீமியா குழந்தைகளுக்கு. நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழித்து, வேறொருவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டும். புதிது வேர்பிடிக்கும் வரை உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்டப் பூஜ்யம். நம் ஊர் வெயிலில், நம் ஊர்க் கிருமிகளுக்கு நடுவில், கடன் வாங்கி வந்த பெற்றோரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எப்படி என்று வேலூர் பல ஆண்டுகள் கற்றது. நர்ஸ்கள் கற்றார்கள், ரத்த வங்கி கற்றது. அறிவியல் வரலாறுகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். என் பார்வையில் பாதிக் கதை இதுதான்.

வேலூருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, சிக்கனம். ஹீமோஃபீலியா நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை என்றால் பணக்கார நாடுகளில் ஃபாக்டரை அளவில்லாமல் ஏற்றுவார்கள். அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் சகாக்களும் மிகக் குறைந்த அளவிலேயே பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று 1990-களில் காட்டினார்கள். உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பு பின்னாளில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி நூல்களுக்கு இந்த ஸ்ரீவாஸ்தவாதான் முதன்மை ஆசிரியர்.

அந்த அளவில்லாத ஃபாக்டருக்கு மேலை நாடுகள் கொடுத்த விலை பயங்கரமானது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து ஃபாக்டர் பிரித்தார்கள். அதில் எச்.ஐ.வி. கலந்தது. பிரிட்டனில் மட்டும் ரத்தம் உறையாத நோயுள்ளவர்களில் சுமார் 1,250 பேருக்குத் தொற்று. அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள்.

இப்போது அந்த எட்டுப் பக்கக் கட்டுரைக்குத் திரும்பினால், ஸ்டெம் செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வண்டி எது? லென்டிவைரஸ். எச்.ஐ.வி.யிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளை உருவிவிட்டுச் செய்தது. மனித செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன்னையே எழுதிக்கொள்ளும் அதன் கெட்ட திறமைதான் இங்கே தேவைப்படுகிறது. ஹீமோஃபீலியா நோயாளிகளை ஒரு தலைமுறைக்குக் கொன்ற வைரஸ், இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட அதே வேலூரில், அவர்களுக்கே மருந்து சுமந்தது.

ஃபாக்டர் 8 மரபணுவை 1984-லேயே பிரித்துவிட்டார்கள். பிறகு ஏன் நாற்பது ஆண்டு? மரபணு பெரியது, வைரஸுக்குள் அடைப்பது கஷ்டம். அடைத்தாலும் செல்கள் அந்தப் புரதத்தை மிகக் குறைவாகவே வெளிவிடும். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் ட்ரென்ட் ஸ்பென்சரும் கிறிஸ் டோரிங்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பன்றியின் ஃபாக்டர் 8-ல் சில பகுதிகள் பல மடங்கு வேகமாக வெளியேறும்; அவற்றை மனித மரபணுவோடு ஒட்டுப்போட்டார்கள். வேலூரின் ஸ்டெம் செல் ஆய்வு மையம் அந்தக் கலப்பை எடுத்துக்கொண்டது. மருத்துவமனைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை மஜ்ஜை. ஆகவே மஜ்ஜை வழியாகவே போனார்கள்.

உலகம் போன வழி கல்லீரல். வேறொரு சிறு வைரஸை ஊசியில் ஏற்றினால் அது கல்லீரலில் போய் மரபணுவை வைக்கும். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற ராக்டேவியன் அப்படிப்பட்டது. அப்போது அதன் பட்டியல் விலை 29 லட்சம் டாலராக இருந்தது. அதன் பலன் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அந்தச் சிறு வைரஸ் பொதுவாக டி.என்.ஏ.வில் எழுதுவதில்லை, வளரும் குழந்தையின் கல்லீரலில் செல் பெருகப் பெருக மரபணு நீர்த்துப்போகும். ஸ்டெம் செல்லில் எழுதியது அப்படிப் போகாது என்பது வேலூர்க்காரர்களின் கணக்கு.

இங்கே ஒரு புரோகிராமராக எனக்கு வந்த கேள்வி: புதிதாக ஒரு பிரதியைச் செருகுவதற்குப் பதில், கிரிஸ்பரை வைத்துப் பிழையையே திருத்தக் கூடாதா? கடுமையான ஹீமோஃபீலியா ஏ-யில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடந்திருப்பது எழுத்துப் பிழை அல்ல. மரபணுவின் ஒரு பெரும் துண்டு அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பிழை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி பேட்ச் எழுத வேண்டும். அதற்கு, ஓடுகிற பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுவது மேல். அழகில்லாத தீர்வுதான். நான் ஆபீஸில் தினமும் செய்வதும் அதுதான்.

முதல் இரண்டு பேருக்கு ஃபாக்டர் குறைவாகவே உயர்ந்தது, இயல்பில் சில சதவீதம். வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்த பிறகு, அடுத்த மூன்று பேருக்கும் அளவு பல மடங்கு ஏறியது. இந்த நோயில் சில சதவீதம்கூடப் பெரிய விஷயம். கடுமையான நோயாளிக்கு இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இதை நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். இடையில் நிறுத்தினார். “எல்லாம் சரிடே. நம்ம பயலுக்கு ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லு.”

இப்போதைக்கு ஆகாது. ஐவரும் பெரியவர்கள். அதைவிட முக்கியம், புதிய செல்லுக்கு இடம் ஒதுக்கப் பழைய மஜ்ஜையைக் கீமோ மருந்தால் அழிக்க வேண்டும். புற்றுநோயாளிக்கு அது வேறு வழியில்லாத வேதனை. ஃபாக்டர் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு? பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகும் ஆபத்து உண்டு. வைரஸ் தவறான இடத்தில் எழுதிவிட்டால் புற்றுநோய் வரும் சாத்தியமும் உண்டு. ஊசி ஒழுங்காகக் கிடைக்கும் வரை நான் அவசரப்பட மாட்டேன் என்றேன். “ஊசி ஒழுங்காக் கிடைச்சா நான் ஏன் ஒங்கிட்ட கேக்கேன்?” என்றார். ஸ்டாக் இல்லாத வாரங்களில் அவர் அக்கா அலைவது எனக்குத் தெரியும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேலூரை அந்த வீடு அந்த வாரங்களில்தான் நினைக்கிறது.

கிரிஸ்பர் வேலூருக்குள் வராமல் இல்லை. அதே மையத்தில் மோகன்குமார் முருகேசனின் குழு தலசீமியா, அரிவாள் செல் நோய்களுக்காக வேறு வழி பார்க்கிறது. கருவில் இருக்கும்போது வேலை செய்யும் ஹீமோகுளோபின் மரபணு பிறந்த பிறகு அணைந்துவிடும். அதை மறுபடி எரியவிட்டால் இந்த இரண்டு நோய்களும் அடங்கும். நோயாளிக்கு நோயாளி பிழை மாறினாலும் சுவிட்ச் ஒன்றே. டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் அறுக்காமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் பேஸ் எடிட்டிங் முறையில், அந்த சுவிட்ச் பகுதியை எழுத்தெழுத்தாகத் துழாவி, எங்கே மாற்றினால் எரிகிறது என்று 2022-ல் வெளியிட்டார்கள். 2023-ல் பிரிட்டன் முதலில் அனுமதித்த கேஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் மருந்து எரியவிடுவதும் இதே மரபணுவைத்தான், வேறொரு இடத்தை அறுத்து. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

அதற்கும் ஸ்டெம் செல்லை எடுத்து, மஜ்ஜையை அழித்து, திரும்ப ஏற்றத்தான் வேண்டும். வேலூரில் அந்த வார்டு 1986-லிருந்து இருக்கிறது.